வெள்ளாற்றங்கரையில் ஓர் இரும்பாலை

இங்கிலாந்தில் வீடு விற்கும் விளம்பரங்களில் ஒரு தனி ரகம் உண்டு. "ஆற்றங்கரையில் பழைய ஆலை வீடு விற்பனைக்கு" என்று ஆரம்பிக்கும். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, ஜன்னலை ஒட்டி ஓடும் வாய்க்கால், கூடத்தின் மூலையில் அலங்காரமாக ஒரு மாவரைக்கும் கல்... ஒரு காலத்தில் ஊருக்கே கோதுமை அரைத்துக் கொடுத்த இடம் அது. 1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே சுமார் 6,000 ஆலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஆற்றுத் தண்ணீரால் சக்கரம் சுற்றி ஓடியவை. 1880 வாக்கில் எஃகு உருளைகளில் அரைக்கும் பெரிய மில்கள் துறைமுக நகரங்களில் வந்த பிறகு, கிராமத்து ஆலைகளுக்கு வேலை போய்விட்டது. கட்டடம் மட்டும் நின்றது. வீடாக மாறியது, விலைக்கும் வந்தது.

சரி, நம்ம வெள்ளாற்றங்கரையில் அப்படி ஏதாவது இருந்ததா?

மாவு ஆலை இருக்க வாய்ப்பில்லை. நாம் நெல்லைக் குத்திச் சாப்பிட்டவர்கள். அரைக்க வேண்டியதை வீட்டுத் திருகையிலும் அம்மியிலும் அரைத்தோம், எண்ணெய்க்கு மாடு கட்டிய செக்கு. அதைவிட முக்கியமான காரணம் ஆறுதான். இங்கிலாந்தின் ஓடைகள் சின்னவை, ஆனால் வருஷம் பூராவும் ஓடுபவை. வெள்ளாறு ஐப்பசி கார்த்திகையில் கரையை உடைக்கும், சித்திரையில் மணலாகக் கிடக்கும். அதை நம்பி யாராவது சக்கரம் மாட்டுவார்களா? வந்த தண்ணீரை ஏரியில் தேக்கி வயலுக்கு விடுவதுதான் நம் முன்னோர் கண்ட வழி.

ஆனால் "ஆலை" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பழந்தமிழில் அது கரும்பு பிழியும் ஆலைக்குத்தான் பெயர். பிறகு பஞ்சாலை, காகித ஆலை, இரும்பாலை என்று விரிந்தது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். மாவு அரைக்கும் "மில்" என்ற சொல் பஞ்சு மில், ஸ்டீல் மில் வரைக்கும் வந்தது. இரண்டு மொழிக்காரர்களும் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சொல்லைத் தொழிற்சாலைக்குக் கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பொருளில் தேடினால் வெள்ளாற்றங்கரையில் ஓர் ஆலை இருந்தது. அதுவும் இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய ஆரம்பகால ஆலைகளில் ஒன்று.

கம்மாபுரத்துக்குத் தெற்கே ஓடும் வெள்ளாறு, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. பள்ளிப் பாடத்தில் பரங்கிப்பேட்டை என்றால் 1781-ல் ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டை. அதோடு முடித்துவிடுவார்கள். அந்தச் சண்டை நடந்து ஐம்பது வருஷத்துக்குள் அதே ஊரில் ஊதுலை எரிந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

அதைக் கட்டியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரி. சேலத்தில் வேலை பார்த்தபோது அந்த ஊர் இரும்பைப் பார்த்து அதிலேயே பைத்தியமாகிவிட்டார் என்று சொல்லலாம். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை முழுக்க இரும்புத்தாது. ஊர்க் கொல்லர்கள் ஆள் உயரத்து மண் உலையில் ஆட்டுத்தோல் துருத்தி வைத்து அதை உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரும்பிலிருந்து எஃகு செய்த முறைதான் அருமை. இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியைக் களிமண் குப்பியில் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரி நெருப்பில் வைத்துத் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறி, அது எஃகாகிவிடும். நம் வேலியோரம் கிடக்கும் ஆவாரையும் எருக்கும்தான் இரண்டும்! ஐரோப்பாவில் இந்த எஃகுக்கு "ஊட்ஸ்" என்று பெயர். மின்சாரத்துக்குப் பெயர் போன மைக்கேல் ஃபாரடே இளம் வயதில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஹீத்தும் 1839-ல் லண்டன் ராயல் ஆசியக் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எகிப்தியர்கள் கடினமான கல்லில் எழுத்து வெட்டிய உளிகள் இந்திய எஃகாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அப்படி எழுதினார் என்பதே ஒரு செய்தி.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதே கம்பெனியிடம் கடன் வாங்கி, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார் ஹீத். தாது சேலத்தில் இருக்க, ஆலையை ஏன் கடற்கரையில் வைத்தார்? சக்கரம் சுற்ற அல்ல, சரக்குக்காகத்தான். அன்றைக்கு ரயில் கிடையாது, ரோடு என்பது மாட்டுவண்டித் தடம். தாதுவைப் பரிசல்களில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டுவரலாம். உருக்கிய இரும்பை முகத்துவாரத்திலிருந்து கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பலாம். இங்கிலாந்துக்காரனுக்கு ஆறு ஒரு இஞ்சின், ஹீத்துக்கு அது ஒரு பாதை.

வாங்க ஆளும் இருந்தது. ஷெஃபீல்டு நகரத்தில் கத்தியும் அரமும் செய்தவர்களுக்கு நிலக்கரியில் உருக்கிய உள்ளூர் இரும்பு சரிப்படவில்லை. மரக்கரியில் உருக்கிய இரும்பை ஸ்வீடனிலிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைச் சேலத்துத் தாது பிடிக்கும் என்பது ஹீத்தின் கணக்கு. 1833-ல் இது முறையான ஒரு கம்பெனியாக மாறியது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரிலும் ஆலை வந்தது. பின்னாளில் சேலம் பகுதியிலும் திருவண்ணாமலையிலும்கூட உலைகள் எழுந்தன.

கணக்கு தப்பியது மரக்கரியில்தான். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டன் கரி சுட நான்கைந்து டன் விறகு வேண்டும். ஒரு டன் இரும்புக்கு ஒன்றிரண்டு டன் கரியாவது வேண்டும். அதாவது ஒரு டன் இரும்புக்கு ஒரு சின்னத் தோப்பே போகும். கொல்லனின் மண் உலை அளவாகத் தின்றது, காடும் திரும்பத் துளிர்த்தது. ஊதுலையோ இரவும் பகலும் எரிய வேண்டியது, அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. பக்கத்துக் காடுகள் தீரத் தீர கரி இன்னும் தூரத்திலிருந்து வந்தது, விலையும் ஏறியது. கடன்மேல் கடன். 1853-ல் கம்பெனி புதுப் பெயரில் மறுபடி எழுந்தது. பலனில்லை. 1860களில் உலைகள் அணைந்தன. 1874-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. அதற்குள் நிலக்கரியில் உருக்கிய மலிவான ஆங்கில இரும்பு நம் சந்தைக்கு வந்து, சேலத்துக் கொல்லர்களின் மண் உலைகளையும் அணைத்துக்கொண்டிருந்தது.

ஹீத் இதையெல்லாம் கடைசிவரை பார்க்கவில்லை. அவர் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து, 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்கு அது பெரிய வரம். ஆனால் காப்புரிமையில் எழுதியிருந்த முறையை லேசாக மாற்றி, அவருடைய முகவராக இருந்தவரே காசு கொடுக்காமல் பயன்படுத்த ஆரம்பித்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னபோது அதுவும் அவர் தரப்புக்கு எதிராகவே வந்தது. பரங்கிப்பேட்டையில் தோற்றவர் ஷெஃபீல்டில் ஜெயித்தும் தோற்றார்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஹீத் எரிபொருளுக்காகக் காடுகாடாக அலைந்த காலத்தில், சேலத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், எங்கள் மண்ணுக்கு அடியில் 50 மீட்டருக்கும் கீழே பழுப்பு நிலக்கரி படுத்துக் கிடந்தது. தெரிந்திருந்தாலும் அவரால் எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் படுகைக்குக் கீழே பீறிடும் ஊற்றுநீர். எடுத்தாலும் அப்படியே ஊதுலையில் போட முடியாது, பாதி ஈரம், பொலபொலவென்று நொறுங்கும். நெய்வேலியில் 1957-ல்தான் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு சேலத்துத் தாதுவை நெய்வேலிக் கரியால் உருக்கலாம் என்ற திட்டம் நெடுநாள் பேசப்பட்டது, சோதனைகளும் நடந்தன. சேலத்துக்கு இரும்பாலை கேட்டு 1967-ல் அண்ணா "எழுச்சி நாள்" நடத்தினார். ஆலை வந்தது. ஆனால் 1982-ல் அது ஓடத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் இருந்தது. கஞ்சமலைத் தாதும் வேண்டியிருக்கவில்லை, எங்கள் கரியும் வேண்டியிருக்கவில்லை. கரி மின்சாரமாகிப் போனது.

எரிபொருளுக்கான விலையை மட்டும் இந்தப் பகுதி இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அன்று காடு, பிறகு ஊர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்களை இறக்கி, சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளாற்றிலிருந்து அதிக தூரமில்லை.

சரி, பரங்கிப்பேட்டையில் உருகிய இரும்பு எங்கே போயிற்று? வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைமேல் கட்டிய இரண்டு பாலங்களிலும் அது சேர்ந்திருக்கிறது என்று பல புத்தகங்களில் வரும். இதில் ஒன்றை உடனே தள்ளிவிடலாம். மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826-ல், பரங்கிப்பேட்டை ஆலை தொடங்கியதோ 1830-ல்! ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு. இன்னொன்று ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா ரயில் பாலம். அது 1850-ல் திறந்தது, காலம் பொருந்துகிறது. இரும்புத் தகடுகளைக் கடாவி ராட்சதக் குழாய்களாக்கி, ரயிலை அதற்குள்ளேயே ஓடவிட்டார்கள். 1970 மே மாதம் ஓர் இரவில், பாலத்துக்குள் தீப்பந்தத்தோடு நுழைந்த பையன்களால் தீப்பிடித்து, குழாய்கள் வளைந்து தொய்ந்துவிட்டன. அவற்றைக் கழற்றிவிட்டு எஃகு வளைவுகளை வைத்தார்கள். பழைய குழாயின் ஒரே ஒரு துண்டு மட்டும் பாலத்துக்குப் பக்கத்தில் தரையில் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.