தேயிலைத் தோட்டத்துப் பற்களும் ஓர் ‘இயற்கை வரலாறும்’

வரலாற்றாசிரியர்கள் அரசுகளுக்கும் போர்களுக்கும் உற்பத்தி முறைகளுக்கும் அளித்த இடத்தை மனித உடலின் வரலாற்றுக்கு அளித்தாரல்லர். பல்லின் வரலாறோ பேசத் தகாத சிறுபொருளாகவே ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பல் மருத்துவத்திற் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வுகளுள் ஒன்று எமது நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பட்டதாகும். அவ்வாய்வு எவ்வாறு எழுந்தது, எதனை நிறுவியது, வரலாற்று மாணவர் அதனை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முரசு தளர்ந்து பல் விழுதல் முதுமையின் இயல்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்தை அசைத்தது 1965 இல் வெளியான ஒரு சிறு பரிசோதனை. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் நல்ல முரசுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கிற்று. பல்லிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே அழற்சிக்குக் காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. ஆயின், அப்படலம் ஆண்டுக்கணக்கில் அகற்றப்படாதுவிடின் யாது நிகழும்? இதனை அறியும் பொருட்டு எவரையும் வாழ்நாள் முழுவதும் பல் துலக்காதிருக்குமாறு கேட்டல் இயலாது. ஆகவே, பற்சிகிச்சையின் நிழலும் படாத மக்கட் கூட்டம் ஒன்றை ஆய்வாளர் தேட வேண்டியவராயினர்.

அக்கூட்டத்தை அவர்கள் இலங்கையிற் கண்டனர். 1970 இல் 14 முதல் 31 வயதுவரையான 480 ஆண் தொழிலாளர் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டனர். அதற்கு ஓராண்டு முன்னர், நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் மாணவரும் கல்விமான்களுமாகிய 565 ஆண்களைக் கொண்டு இணையான ஆய்வு தொடங்கப்பெற்றிருந்தது. எமது தொழிலாளர் உடல் வலுவுடையோர். அவர்களிடையே பற்சூத்தை அநேகமாக இல்லை. ஆனால் தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமும் இல்லை. அனைவருக்கும் முரசு அழன்றிருந்தது.

நாற்பது வயதை அணுகுகையில், முரசும் எலும்பும் பல்லைப் பற்றியிருக்கும் பிடியில் நோர்வேயினர் இழந்தது சராசரி 1.5 மில்லிமீற்றரிற் சற்று அதிகம். இலங்கைத் தொழிலாளர் இழந்ததோ 4.5 மில்லிமீற்றர். 1986 இல் வெளியான முடிவுகள் இத்தொழிலாளரை மூன்று பிரிவினராகக் காட்டின. 81 வீதத்தினரிடம் நோய் மிதமாக முன்னேறியது; 8 வீதத்தினரிடம் விரைந்து முன்னேறியது; எஞ்சிய 11 வீதத்தினரிடம் முரசழற்சிக்கு அப்பால் அது செல்லவில்லை. 45 வயதில் மிதமான பிரிவினர் ஏறத்தாழ 7 மில்லிமீற்றரையும் விரைவான பிரிவினர் ஏறத்தாழ 13 மில்லிமீற்றரையும் இழந்திருந்தனர். 13 மில்லிமீற்றர் என்பது பல்வேரின் முழு நீளத்துக்கும் அண்மையானது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

ஆய்வாளர் இதனை நோயின் ‘இயற்கை வரலாறு’ எனப் பெயரிட்டனர். மருத்துவத்தில் இது வழக்காறான சொல். சிகிச்சையால் இடைமறிக்கப்படாத நோயின் போக்கை அது குறிக்கும். ஆனால், அச்சிகிச்சையின்மை இயற்கையானதன்று. ஒஸ்லோவிற் சிறுவருக்கான பற்சிகிச்சை 1936 முதல் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. இலங்கையில் 1943 இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி பின்னர் மலைநாட்டின் வாயிலாகிய பேராதனைக்கே இடம்பெயர்ந்தது. எனினும் 1970 இல் அத்தொழிலாளர் எவ்விதப் பற்சுகாதாரத் திட்டத்தையும் அறியாதோராகவே இருந்தனர். இடையில் நின்றது தூரமன்று, தோட்ட அமைப்பேயாகும்.

தோட்டத்துக்கு மருத்துவமே வரவில்லை என்பதும் பொருந்தாது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டங்கள் 1872 முதல் இயற்றப்பட்டன. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு தோட்டங்களில் தொடங்கப்பெற்றது. கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைப்பைக் குறைக்கும். முரசு நோயோ நோவின்றி வளர்வது. கொழுந்தின் நிறையை அது குறைப்பதில்லை. உழைப்பைத் தடுத்த நோயே கவனிக்கப்பட்டது. உழைப்பவனை அரித்த நோய் கவனிக்கப்படவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்து நின்ற மக்கள், இத்தகைய வசதியை அரசிடம் வலியுறுத்திக் கேட்கும் வலுவற்றவராயிருந்தனர் என்பதும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது.

இதனை வெறும் பல்லின் இழப்பு என ஒதுக்குதல் தவறு. பற்களைச் சூழ்ந்த இழையங்கள் புண்பட்டிருக்கையில் நுண்ணுயிர்கள் குருதியோட்டத்திற் புகுவதும், குறைபாடுள்ள இருதய வால்வுகளில் அவை தொற்றை விளைவிக்கக்கூடும் என்பதும் அறியப்பட்டவை. முரசு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என 1993 இல் எடுத்துரைத்தவரும் மேற்குறித்த லோ அவர்களே. நீரிழிவு முரசு நோயை மிகுவிக்க, முரசு நோய் குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்குகின்றது. பல்லிழந்தவர் மெல்ல இயலாமையால் உணவின் வகை குன்றுவதும் வெளிப்படை.

தொழிலாளரின் வாயிலிருந்து பெறப்பட்ட அறிவு நமக்கு உணர்த்துவது யாது? நூற்றுக்கு எட்டுப்பேர் யார், பதினொருவர் யார் என்பதை நோவைக் கொண்டு எவரும் முன்னறிதல் இயலாது. சூத்தையற்ற பல் நோகாது. நோகாத பல்லைக் காட்டுவதற்கு எவரும் வைத்தியரை நாடுவதில்லை. நோவு தோன்றும் வேளையில் எலும்பு கரைந்துவிட்டிருக்கும். நாளாந்தத் துலக்கலுடன், நோவில்லாதபோதும் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும் என்னும் விதி இதனாலேயே வலுப்பெறுகின்றது.

2010 இல் அத்தொழிலாளருள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். நாற்பதாண்டுகளாகத் தொடர்ந்த இப்பதிவு உலகெங்கும் பல் மருத்துவ மாணவரின் பாடமாயிற்று. அப்பாடத்தைத் தம் உடலால் எழுதியோருக்கு அறிவியல் பட்டுள்ள கடன் பெரிது. அவர்தம் பேரப்பிள்ளைகள் பயிலும் தோட்டப் பாடசாலைகளிலே ஒழுங்கான பற்பரிசோதனை நிலைபெறுதலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும். வசதியின்மையை இயற்கை எனப் பெயரிடாதிருத்தல் வரலாறு பயில்வோரின் பொறுப்பு. அதனை இல்லாதொழித்தல் சமூகத்தின் பொறுப்பு.