துறையும் பாலமும்: வசதியும் சமூக உறவும் பற்றிய ஒரு நோக்கு

போக்குவரத்துச் சாதனம் மாறும்போது மனிதர் இடம்பெயரும் வேகம் மட்டுமன்றி, அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் முறையும் மாறுகின்றது. திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே அமைந்த கிண்ணியாவின் அண்மைக்கால வரலாறு இதனை ஆராய்வதற்கு உகந்ததாகும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அங்கிருந்து நகருக்குச் செல்வோர் படகுப்பாதையையே பெரிதும் நம்பியிருந்தனர். வாகனமும் மனிதரும் ஒருங்கே கடக்கவேண்டியிருந்தமையால் மீனவர், விவசாயி, ஆசிரியர், நோயாளி என்ற வேறுபாடின்றி யாவரும் துறையிற் காத்திருந்தனர். அக்காத்திருப்பு எவரும் விரும்பி ஏற்றதன்று. ஆயினும் அறிமுகமற்றோர் உரையாடுவதற்கான புறநிலைத் தேவையை அது தோற்றுவித்தது. பாலம் பயணத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது. துறையின் சந்திப்பும் அதனோடு நீங்கியது.

இதனையொத்த அசைவியக்கத்தை, பலர் ஒருங்கே ஆடும் இணைய விளையாட்டுகளிலும் காண்கின்றோம். 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்டில் கண்டம்விட்டுக் கண்டம் செல்ல ஆடுவோர் கப்பலுக்குக் காத்திருந்தனர். 2002இல் வெளியான விரிவாக்கம், நொடிப்பொழுதில் இடம்பெயரும் வழிகளை வழங்கியதும் அக்கப்பல்கள் முக்கியத்துவம் இழந்தன. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் துணைவரைத் தேடிப் பேசிச் சேர்க்கும் பணியை, 2009 டிசம்பரில் ஒரு தன்னியக்கப் பொறிமுறை ஏற்றது. வெவ்வேறு சேவையகங்களைச் சேர்ந்தோரை அது ஒன்றிணைத்தமையால், உடன் ஆடியவரை மீண்டும் காணும் வாய்ப்பு அருகியது. நற்பெயர் பேணவேண்டிய தேவையும் தளர்ந்தது. மறுபுறம், குறைந்த ஓய்வுநேரமே உடைய உழைப்பாளருக்கு ஆட்டத்திற் பங்குபெறுதல் எளிதாயிற்று.

இவற்றைக் கொண்டு, இடர்ப்பாடே சமூக ஒற்றுமையின் ஊற்று என முடிவுகட்டுதல் தவறாகும். 2021 நவம்பர் 23ஆம் திகதி, புதிய பாலத்தின் பணி முடிவுறாதிருந்த கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். துறையின் காத்திருப்பைப் போற்றுவோர் இம்மரணங்களுக்கு விடையளித்தல் வேண்டும்.

விளையாட்டில் இடர்ப்பாட்டை மீளவும் தெரிவுசெய்யலாம். 2019இல், தன்னியக்கச் சேர்ப்பு இன்றி வெளியிடப்பட்ட வோர்கிராஃப்டின் பழைய வடிவத்தைப் பலர் விரும்பி நாடினர். குறிஞ்சாக்கேணிச் சிறுவர்க்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. ஆகவே, வசதியா உறவா என வினவுதல் பொருந்தாது. வசதி அகற்றிய சந்திப்புக்களத்தை எதனால் ஈடுசெய்வது, அதனை யார் தீர்மானிப்பது என்பனவே ஆராயத்தக்கவை. பாலம் மக்களின் உரிமை. அதன் இரு கரையிலும் மக்கள் கூடுதற்குரிய சந்தையும் நூலகமும் பொதுமன்றமும் அமைதல் அவ்வுரிமையின் பகுதியே என்பது எமது துணிபு.