சென்னையில் கண்டறியப்பட்ட துணைக்கோள் உடைய சிறுகோள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு அமைந்த சென்னை வானாய்வகத்தின் வரலாற்றை எழுதுவோர், அங்குக் கண்டறியப்பட்ட சிறுகோள்களைச் சாதனைப் பட்டியலாகத் தருவது வழக்கம். அவற்றுள் சில்வியா, கமில்லா ஆகிய இரண்டும் துணைக்கோள்களை உடையவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இதனால் சென்னைக் கண்டுபிடிப்புகளின் வரலாற்று மதிப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னையில் கண்டறிதல்

1861இல் சென்னை வந்த அரசு வானியலாளர் நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலின் அது ‘ஆசியா’ எனப் பெயர்பெற்றது. தொடர்ந்து, 1866 மே 16 அன்று சில்வியாவையும் 1868 நவம்பர் 17 அன்று கமில்லாவையும் கண்டார். இவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில், ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகின்றன. அக்காலத் தொலைநோக்கியில் சிறுகோள் ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரிந்தது. விண்மீன்களிடையே அது இடம்பெயர்வதைக் குறித்துச் சுற்றுப்பாதையைக் கணிக்க இயன்றது. அதன் நிறையை அறிய அப்பதிவுகள் மட்டும் போதவில்லை.

துணைக்கோளால் அறிந்த நிறை

2001இல் மைக்கேல் பிரவுன், ழான்-லுக் மார்கோ ஆகியோர் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் வழி சில்வியாவின் துணைக்கோளான ரோமுலஸைக் கண்டனர். இரண்டாம் துணைக்கோளான ரீமஸின் கண்டுபிடிப்பு 2005இல் வெளியானபோது, இரு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோளாகச் சில்வியா ஆயிற்று. ரோமுலஸ் சுமார் 1,360 கி.மீ. தொலைவில் 3.65 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. இவ்விரு அளவுகளையும் கெப்ளரின் மூன்றாம் விதியில் பொருத்தினால், சில்வியாவின் நிறை ஏறத்தாழ 148 கோடி கோடி டன் எனப் பெறப்படுகிறது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே மிகுதி. ஆகவே அது திண்ணிய ஒரே பாறை அன்று. மோதலில் சிதறி மீண்டும் திரண்ட, இடைவெளிகள் மிகுந்த குவியல் என ஆய்வாளர் கருதினர். கமில்லாவுக்கும் இரு துணைக்கோள்கள் இருப்பது பின்னர் உறுதியாயிற்று.

புவியருகு இரட்டைச் சிறுகோள்கள்

புவியின் பாதையை நெருங்கும் சிறுகோள்கள் அளவில் மிகச் சிறியவை. அவற்றின் துணைக்கோள்களை, ஒன்றையொன்று மறைக்கும்போது ஏற்படும் ஒளிக்குறைவைக் கொண்டும் அறிகின்றனர். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் திடிமோஸின் துணைக்கோளான திமார்பாஸின்மீது மோதியது. அதன் சுற்றுக்காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து சுமார் 33 நிமிடம் குறைந்ததும் இவ்வகை ஒளி அளவீட்டால் உறுதிப்பட்டது. அவ்வளவீட்டுக்கு அடிப்படையான பொலிவு அளவுகோலை, ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என 1856இல் வரையறுத்தவரும் போக்சனே.

முடிவுரை

சில்வியாவைக் கண்டறிந்ததற்கும் நிறுத்தறிந்ததற்கும் இடையே ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்தன. ஆகவே கண்டுபிடிப்பு நாளோடு முடியும் பட்டியல், வானாய்வக வரலாற்றின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். சென்னைப் பதிவுகளைப் பின்வந்த அளவீடுகளோடு இணைத்து வாசிப்பதே அவற்றின் முழுப் பயனை உணர்த்தும்.