பூ விழுந்த கண்ணும் பூக்கட்டிப் பார்த்தலும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காரியத்தில் மனம் இரண்டுபட்டால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கிடக்கும். உள்ளே இருப்பது எதுவென்று அறியாத ஒரு குழந்தை வந்து எடுக்கும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையிலும் ஓலையை எடுத்தது ஒரு சிறுவன்தான். எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது என்ற எண்ணம் இங்கே பழையது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சியின் சமவாய்ப்பு முறையும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பூவிடம் நாம் விடையையே கேட்கிறோம். ஆராய்ச்சியில் சீட்டு விடை சொல்வதில்லை, நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விடை பிறகு எண்ணிப் பார்ப்பதில் வருகிறது. மருத்துவரின் அனுபவமும் ஆய்வுக்கூடத்தின் கணிப்பும் போதாமல் போன இடத்தில் இந்தச் சீட்டுதான் ஏழை நோயாளியைக் காத்தது என்பதற்கு மதுரைச் சமவெளியின் கண் மருத்துவ வரலாறு நல்ல சான்று.

இந்த முறை வயலில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் எதிர்கொண்ட சிக்கல் நம் விவசாயிக்குப் புதிதல்ல. ஒரே வயலில் மடைப்பக்கம் ஈரம் தங்கும், மேட்டுப்பக்கம் காயும். புது உரத்தை மடைப்பக்கம் போட்டால் விளைச்சல் உரத்தால் வந்ததா, நீரால் வந்ததா? எந்தப் பாத்திக்கு எது என்பதை ஆளின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டால், மண்ணின் ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும் என்றார் அவர். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு அதைக் காசநோயாளிகளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் சென்னையில் 193 காசநோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, பாதிப்பேரைச் சானடோரியத்திலும் மீதிப்பேரை வீட்டிலேயும் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். இடநெருக்கடியும் அரைவயிற்றுச் சோறுமாக வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். 1959இல் வந்த அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

மதுரைக்கு இந்த முறை கண்புரை வழியாக வந்தது. கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் முகாமாக ஊர்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்து புரை எடுத்தது. அந்நாளைய அறுவையில் லென்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டுதான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை வந்தபோது, இவ்வளவு கூட்டத்தில், இவ்வளவு வேகத்தில், ஏழைகளுக்கு அதைச் செய்வது பத்திரமா என்ற தயக்கம் நியாயமாகவே எழுந்தது. 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு, விலை என்ற சாக்கும் வலுவிழந்தது. 3,400 பேரைக் குலுக்கலில் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு. 1998இல் முடிவு வந்தது. பழைய முறையும் மோசமில்லை. ஆனால் லென்ஸ் வைத்தவர்களின் பார்வையும் அன்றாட வாழ்வும் மேலாக இருந்தன. கேள்வி ஏழைகளைப் பற்றியது, விடையும் அவர்களிடம் கண்டது.

என்னை அதிகம் ஈர்ப்பது கருவிழிப் புண்ணின் கதை. கதிர் அடிக்கும்போது தெறிக்கும் நெல், கரும்புத் தோகை, மாட்டு வால், ஒரு முள், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கீறலில் பூஞ்சை புகுந்தால் புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும். 1993 கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. 1994இன் முதல் மூன்று மாதத்தில் இந்தப் புண்ணோடு மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளில் 284 பேர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாதிக்கு மேல் பூஞ்சை, அதிலும் ஃபுசேரியம் முதலிடம். இதற்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது. வொரிகோனசோல் என்ற புதியது கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையையும் நன்றாக அடக்கும் என்று மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். தட்டில் தெரிந்ததை நம்பியிருந்தால் புதியதே வென்றிருக்கும். 2010, 2011இல் அரவிந்தும் சான்பிரான்சிஸ்கோவின் புரோக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 பேரிடம் குலுக்கலில் ஒப்பிட்டபோது பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. ஃபுசேரியம் கண்களில் வித்தியாசம் பெரிதாக இருந்தது, கருவிழி துளைபடுவதும் கணிசமாகக் குறைந்தது. பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்ற நெடுநாள் வாதத்திலும் முயல்களில் கண்டது ஒரு முடிவைத் தரவில்லை. 500 நோயாளிகளின் ஆய்வுதான் மூன்று மாதத்தில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று சொன்னது.

உயிருள்ள மனிதரின் சிகிச்சையைச் சீட்டுக்கு விடலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எது நல்லது என்று மருத்துவர் உண்மையாகவே அறிந்திருந்தால் விடக் கூடாது. அறியாதபோது, அறிந்ததுபோல ஒன்றைக் கொடுப்பதும் குலுக்கல்தான். கணக்கு வைக்காத குலுக்கல். ஏழைகளைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. கைநாட்டு வைப்பவரிடம் வாங்கும் சம்மதம் எவ்வளவு முழுமையானது? இதற்கு ஒரே அளவுகோல்தான் எனக்குத் தெரிகிறது: விடை அவர்கள் தெருவுக்குத் திரும்பியதா? லென்ஸ் திரும்பியது. நாட்டாமைசினும் திரும்பியது. பணக்கார நாட்டுச் சந்தைக்கான மருந்தை இங்கே சோதித்துவிட்டுப் போவது இந்த அளவுகோலில் தேறாது, தேறவும் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம் ஓர் ஊர் விடை இன்னோர் ஊருக்குப் பொருந்துமா என்பது. 1990இல் மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் லைலா ரஹ்மத்துல்லா குழுவினர், திருச்சிப் பகுதியில் 15,419 குழந்தைகளை ஆராய்ந்து, வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தால் சாவு 54 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். அதே ஆண்டு ஹைதராபாத் பகுதியில் ஆறு மாதத்துக்கொரு பெரிய அளவு கொடுத்த ஆய்வு, சாவு குறைந்ததாகக் காட்டவில்லை. அளவும் இடைவெளியும் வேறு, ஊரும் வேறு. ஆகவே ஒரு முறை குலுக்கியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை.

மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 48,039 பேர் வாழும் பகுதியில் கிராமத் தொண்டர்கள் பதினெட்டு மாதம் கண்காணித்தார்கள். கருவிழி கீறிய 374 பேருக்குக் குளோராம்பெனிகால் களிம்பு. அதோடு பாதிப்பேருக்குப் பூஞ்சைக்கொல்லி, மற்றவர்களுக்கு வெறும் களிம்பு. ஏறக்குறைய அனைவருக்கும் கீறல் ஆறியது, எந்தப் பிரிவிலும் பூஞ்சைப் புண் வரவில்லை. ஆனால் களிம்பே போடாத பிரிவு ஒன்று அதில் இல்லை. அடிபட்ட கண்ணை வெறுமனே விட யாருக்கு மனம் வரும்? அதனால் ஆறியது களிம்பாலா, தானாகவா என்பது அந்த ஆய்வுக்குள் விடை கிடைக்காத கேள்வி. நேபாளத்தில் ஊர்களையே குலுக்கலில் பிரித்து, சில ஊர்களில் மட்டும் தொண்டர்களை வைத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, தொண்டர் இருந்த ஊர்களில் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. மேலூர்ப் பக்கமும் வாடிப்பட்டிப் பக்கமும் ஒவ்வோர் அறுவடையிலும் நெல் கண்ணில் தெறித்துக்கொண்டுதான் இருக்கிறது.