பலகையில்லாத போர்க்களம்

யுத்தம் ஒன்றைப் படிப்பிக்கும்போது நாம் முதலில் தேடுவது வெண்கட்டியைத்தான். கரும்பலகையில் நாலு அம்புக்குறி போடாவிட்டால் பிள்ளைகளுக்கு விளங்காது என்று நினைக்கிறோம். ஆனால் சொல்லால் மட்டுமே போர்க்களத்தைக் காட்டும் ஒரு விளையாட்டு உலகில் இருக்கிறது. அதன் வரலாறு ஆசிரியர்களான நமக்கும் பாடம்.

1812 இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் தம் மன்னருக்குப் போர் விளையாட்டு மேசையொன்றைச் செய்து கொடுத்தார். 1824 இல் இராணுவ அதிகாரியான அவரது மகன் அதை நிலவரைபடத்தில் ஆடும் பயிற்சியாக மாற்றினார். அதில் கட்டங்கள் இல்லை. இரு தரப்பும் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்கும். தெரியவேண்டியதை மட்டும் நடுவர் சொல்வார். விதிகளும் அட்டவணைகளும் ஆட்டத்தை மந்தமாக்கின. 1876 இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி அவற்றை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார்.

1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். அது பொம்மைப் படை ஆட்டத்திலிருந்து பிறந்தது. தூரத்தைக்கூட அங்குலத்தில்தான் சொன்னது. ஆனாலும் பொம்மைகள் கட்டாயமில்லை என்று அதன் நூலிலேயே இருந்தது. காகிதம், பென்சில், தாயக்கட்டை போதும். 2008 இல் வந்த நான்காம் பதிப்பு தூரத்தைச் சதுரங்களால் அளந்தது. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கட்டம் விரும்பினால் மட்டும் என்றானது.

கட்டமில்லாமல் எப்படி ஆடுவது? நடுவர் சொல்கிறார்: "பாலத்துக்கு அப்பால் மூன்று பேர். ஒருவன் கையில் வில். இடையில் முப்பது அடி."

"நான் ஓடிப்போய் அவனைப் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். ஆனால் மற்ற இருவரையும் தாண்டித்தான் போகவேண்டும்."

இவ்வளவுதான். பலகை இருந்தால் அளவு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். இங்கே அது ஒருவரின் நாவில் இருக்கிறது. ஒருவனுக்குப் பத்தடி, இன்னொருவனுக்கு முப்பதடி என்று சொன்னால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. அதனால் நல்ல நடுவர் யார் எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிச் சொல்வார். ஆபத்தை முடிவெடுக்க முன்பே சொல்வார். சந்தேகம் வந்தால் ஆடுபவர் பக்கம் சாய்வார்.

நம் வகுப்பறையிலும் அளவுகோல் பெரும்பாலும் நம் நாவில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதை நம்பித்தான் அடியெடுத்து வைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவைத்தான் சொல்கிறோமா?