ஐந்து விழுக்காடு முன்பணம்: இங்கிலாந்தின் புறநகர் வீடும் அதன் கடனும்

சொந்த வீடும் வாசலில் சிறு தோட்டமும் ஆங்கிலேயரின் பிறவிக் குணம் என்று எழுதுவோர் பலர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1914இல் இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளில் பத்தில் ஒன்றுதான் குடியிருப்பவருக்குச் சொந்தம் என்பது நெடுங்காலமாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. பிற்கால ஆய்வாளர் சிலர் இதை உயர்த்திச் சொல்வதுண்டு. ஆனாலும் பெரும்பான்மையோர் வாடகைக்கே இருந்தனர் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. கூலித் தொழிலாளி மட்டுமா, கைநிறையச் சம்பாதித்த வழக்கறிஞரும் வாடகை வீட்டில் இருப்பதைக் குறைவாக எண்ணவில்லை. 1938க்குள் சொந்த வீட்டினர் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டனர். கால் நூற்றாண்டில் ஒரு மக்களின் குணம் இவ்வளவு மாறுமா? மாறியது கடன் கிடைத்த விதம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கடனின் வேர் பழையது. அறியப்பட்டவற்றுள் முதல் வீட்டுக்கடன் சங்கம் 1775இல் பர்மிங்காமில், ரிச்சர்ட் கெட்லி என்பவரின் மதுக்கடையில் தொடங்கியது. அக்காலச் சங்கங்கள் ஏறக்குறைய நம் சீட்டைப் போன்றவை. உறுப்பினர் மாதந்தோறும் பணம் கட்டுவர். முறை வந்தவருக்கு வீட்டுக்கான தொகை கிடைக்கும். எல்லோருக்கும் வீடு அமைந்ததும் சங்கம் கலையும். 1840களில் கலையாத நிரந்தரச் சங்கங்கள் தோன்றின. வீடு வேண்டாதவரும் அவற்றில் சேமிக்கலாம் என்றானதும் பணம் குவிந்தது. 1892இல் லிபரேட்டர் சங்கம் கவிழ்ந்து ஆயிரக்கணக்கான சிறு சேமிப்பாளர் நடுத்தெருவுக்கு வந்தபோதும் இந்த முறை அழியவில்லை.

முதல் உலகப் போர்க்காலத்தில் கிளாஸ்கோவில் நடந்த வாடகை மறுப்புப் போராட்டத்தின் விளைவாக, 1915இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வீடு கட்டி வாடகைக்கு விடுவது அதன்பின் லாபமுள்ள தொழிலாக இல்லை. அதில் போட்டுவந்த பணத்தை நடுத்தர வர்க்கம் வீட்டுக்கடன் சங்கங்களில் போட்டது. வாடகைக்கு வீடு தந்தவரின் முதலே, சங்கத்தின் வழியாகச் சுற்றி வந்து, வீடு வாங்குபவருக்குக் கடனாயிற்று.

புறநகரை வளர்த்த ரயிலைப் பற்றி எழுதியோர் அதிகம் என்பதால் சுருக்கமே போதும். லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே தன் பாதையோரப் புறநகருக்கு 1915இல் ‘மெட்ரோலேண்ட்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பாதையோர நிலத்தை மனைகளாக்க 1919இல் தனி நிறுவனமே தொடங்கப்பட்டது. ஹாரோவை அடுத்த ரேனர்ஸ் லேன் நிலையத்தில் 1930இல் ஆண்டுக்கு 22,000 பயணிகள் ஏறி இறங்கினர். 1937இல் 40 லட்சம் பேர். ஆனால் வீடு வாங்கப் பணம் வேண்டுமே. அதை ரயில் தராது.

இங்கேதான் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 500 பவுண்டு விலையுள்ள வீட்டுக்குச் சங்கம் வழக்கமாக 75 விழுக்காடு அளவுக்குத்தான் கடன் தரும். மீதி 125 பவுண்டு கையில் இருக்க வேண்டும். வாரம் மூன்று, நான்கு பவுண்டு வாங்கும் குமாஸ்தாவுக்கும் தேர்ந்த தொழிலாளிக்கும் அது எட்டாக்கனி. அதற்குக் கட்டுமானக்காரர் ஒரு வழி கண்டனர். தம் பணத்தில் ஒரு பகுதியைச் சங்கத்திடம் பிணையாக வைத்தனர். வாங்குபவர் தவணை தவறினால் அந்தப் பிணையிலிருந்து சங்கம் ஈடுசெய்துகொள்ளும். அந்தத் தைரியத்தில் சங்கம் 95 விழுக்காடு வரை கடன் தந்தது. வாங்குபவர் 25 பவுண்டு கொண்டுவந்தால் போதும். இதைக் ‘கட்டுமானக்காரர் தொகுப்பு நிதி’ எனலாம்.

தவணையும் இளகியது. 1932இல் இங்கிலாந்து வங்கி தன் வட்டியை 2 விழுக்காடாகக் குறைத்தது. 6 விழுக்காடு வரை இருந்த வீட்டுக்கடன் வட்டி சில ஆண்டுகளில் நாலரையை எட்டியது. 475 பவுண்டு கடனை 6 விழுக்காட்டில் 15 ஆண்டில் அடைக்க வாரம் ஏறத்தாழ 19 ஷில்லிங் ஆகும். அதே கடனை நாலரை விழுக்காட்டில் 25 ஆண்டுக்கு நீட்டினால் 12 ஷில்லிங்குக்குச் சற்று மேல்தான். வாடகையோடு போட்டிபோடும் தொகை அது. 1930களின் நடுவில் தனியார் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வீடுகளைக் கட்டினர் என்பதில் வியப்பில்லை.

விற்ற சரக்கு எப்படிப்பட்டது? லண்டனுக்குத் தென்கிழக்கே, வெஸ்ட் விக்கமை ஒட்டிய கோனி ஹால் நல்ல எடுத்துக்காட்டு. 1930களில் மொரெல் என்ற கட்டுமான நிறுவனம் வயல்களில் எழுப்பிய சிறிய குடியிருப்பு அது. அக்காலப் புறநகரின் அடையாளம் இரட்டை வீடு. இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் ஒரே சுவர். தெருப்பக்கம் பிதுங்கிய வளைவு ஜன்னல், கதவில் வண்ணக் கண்ணாடி, கீழே இரண்டு அறையும் சமையலறையும், மாடியில் குளியலறையும் இரண்டரைப் படுக்கையறையும். அரை என்றதில் மிகையில்லை: மூன்றாவது அறையில் ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்க இடம் தேட வேண்டும். முகப்பில் தெரியும் கறுப்பு மரச் சட்டங்கள் எதையும் தாங்குவதில்லை. டியூடர் காலத்து வீடு போலத் தோன்ற ஆணியடித்த பலகைகள் அவை. கேலிச் சித்திரக்காரர் ஆஸ்பர்ட் லங்காஸ்டர் 1938இல் இந்தப் பாணிகளுக்கெல்லாம் கிண்டலாகப் பெயர் சூட்டினார். மேல்தட்டு அழகுணர்ச்சியின் முகச்சுளிப்பு அதில் நிறைய உண்டு. முதன்முறையாகக் குழாயைத் திறந்து தன் வீட்டிலேயே வெந்நீரில் குளித்தவருக்குப் பலகை போலியா அசலா என்பதா கவலை?

கவலை வேறிடத்திலிருந்து வந்தது. எல்சி பார்டர்ஸும் டாக்சி ஓட்டுநரான அவர் கணவரும் 1934இல் கோனி ஹாலில் சுமார் 690 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கினர். கூரை ஒழுகியது, சுவரில் ஈரம் ஏறியது. 1937இல் எல்சி தவணை கட்டுவதை நிறுத்தினார். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த கடன் சங்கம் வீட்டைக் கைப்பற்ற வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடிய எல்சியைப் பத்திரிகைகள் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வழக்காடும் போர்ஷியாவோடு ஒப்பிட்டன. அவர் தொட்டது முறையின் அடிமடியை: கட்டுமானக்காரரின் பிணையை நம்பிக் கடன் தர இந்தச் சங்கத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? சங்கம் கடன் தந்ததால்தானே வீடு தரமானது என்று வாங்குபவர் நம்பினார்?

1939 தொடக்கத்தில் வீட்டைக் கேட்ட சங்கத்தின் மனு தள்ளுபடியானது. எல்சியின் எதிர்க்கோரிக்கையும் அப்படியே. மேல்முறையீட்டில் அவர் பக்கம் ஓரளவு சாய்ந்த தீர்ப்பை 1941இல் பிரபுக்கள் சபை மாற்றியது. இதற்கிடையில் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் தவணை மறுப்பில் இறங்கியிருந்தனர். 1939ஆம் ஆண்டுச் சட்டம் தொகுப்பு நிதி முறைக்கு அனுமதியும் தந்து வரம்பும் கட்டியது. எல்சி தோற்றார் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியாகாது. இன்னும் கட்டிக்கொண்டிருந்த கடனை வைத்தே குடியிருப்போர் பேரம் பேச முடியும் என்பதை அவர் வழக்குக் காட்டியது.

தவணை கட்டுவதால் மட்டும் அக்கம்பக்கம் அமைந்துவிடாது. கிரயப் பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடுகளும் அதை வார்த்தன: வீட்டில் வியாபாரம் கூடாது, கோழி வளர்க்கக் கூடாது என்பன போன்றவை. 1848இல் லண்டன் லெஸ்டர் சதுக்கம் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பால், இத்தகைய நிபந்தனைகள் மனையை அறிந்து வாங்கிய அடுத்தடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தின. அண்டைவீட்டார் யார் என்பதில் இருந்த பதற்றம் ஆக்ஸ்போர்டின் கட்ஸ்லோவில் செங்கல்லாகவே எழுந்தது. நகராட்சிக் குடியிருப்பினர் தனியார் வீடுகளின் தெரு வழியாக நடக்காதபடி, 1934 டிசம்பரில் தனியார் நிறுவனம் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் சுவரெழுப்பி, உச்சியில் இரும்பு முட்களையும் பதித்தது. 1938இல் நகராட்சி இடித்தது. நீதிமன்றம் போய் நிறுவனம் மறுபடி கட்டியது. அது ஒரேயடியாகப் போனது 1959இல்தான்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி நிலம் சுருங்கியது. 1938இல் லண்டன் பசுமை வளையச் சட்டமும் 1947இல் ஊரமைப்புச் சட்டமும் வந்தபின், நினைத்த வயலில் வீடு கட்ட முடியாது. கடனின் கதவும் எல்லோருக்கும் திறக்கவில்லை. வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இலும், கடனில் பெண்ணை ஆணுக்குச் சமமாக நடத்தச் சொன்ன சட்டம் 1975இலும்தான் வந்தன. இலங்கையில் நடந்த 1983 வன்முறைக்குப் பின் பெருமளவில் லண்டன் வந்த ஈழத்தமிழர் பலர் குடியேறியது வெம்பிளி, ஹாரோ பக்கத்து இதே மெட்ரோலேண்ட் வீடுகளில்தான். முன்பணத்துக்குச் சொந்தபந்தத்தின் கைமாற்றும் சீட்டுமே பலருக்குத் துணையாயின. கெட்லி சங்கத்தார் அதைக் கண்டிருந்தால் புதிதாக விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் சொந்த வீட்டினர் 2003 வாக்கில் 71 விழுக்காட்டைத் தொட்டு, பிறகு பத்தாண்டுக்கு மேல் இறங்கினர். தடுக்கியது பழைய இடத்தில்தான், முன்பணத்தில். 2013இல் அரசு கொண்டுவந்த ‘ஹெல்ப் டு பை’ திட்டத்தின்படி, பொதுவாக வாங்குபவர் 5 விழுக்காடும் அரசு 20 விழுக்காடு வரையும் போட, மீதி 75ஐக் கடன் நிறுவனம் தந்தது. கட்டுமானக்காரரின் இடத்தில் அரசு வந்து நின்றது என்பதே வேறுபாடு. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மட்டுமே இந்த உதவி என்பதால் லாபம் கட்டுமான நிறுவனங்களுக்கே போகிறது, விலைதான் ஏறுகிறது என்ற குற்றச்சாட்டும் கூடவே எழுந்தது. 2023இல் திட்டம் முடிந்தது. அதன் கீழ் வாங்கியவர் பலர் அரசின் பங்கை இன்னும் அடைத்துத் தீர்க்கவில்லை.