உளுந்தின் குலமுறை

உளுந்தூர்பேட்டையை அடுத்த உளுந்தாண்டார்கோயிலில் எழுந்தருளியுள்ள ஈசனுக்கு மாஷபுரீசுவரர் என்று திருநாமம். மாஷம் என்பது வடமொழியில் உளுந்தைக் குறிக்கும். மிளகுப் பொதியோடு வந்த வணிகரிடம், முதியவர் உருவில் தோன்றிய பெருமான் பொதியில் இருப்பது யாதென வினவ, அவர்கள் உளுந்தென்று பொய்யுரைக்க, மிளகெல்லாம் உளுந்தாகவே மாறிற்று என்பது தலவரலாறு. அங்கே சொன்ன பெயருக்கேற்பப் பொருள் மாறிற்று. தாவர சாஸ்திரத்திலோ தானியம் மாறாதிருக்க, அதன் பெயரே மாறிவந்தது.

சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1767இல் உளுந்தைப் ‘பேசியோலஸ் முங்கோ’ என்று பதிவுசெய்தார். மூங் என்பது வடநாட்டில் பாசிப்பயற்றின் பெயர். தங்கையின் பெயரை அக்காளுக்கு இட்டதுபோல அது உளுந்தின்மேல் இன்றளவும் நிலைத்துவிட்டது. குலத்திலும் பிழை நேர்ந்தது: அமெரிக்காவிலிருந்து வந்த பீன்ஸும் நம் உளுந்தும் ஒரே பேரினமாயின.

உளுந்தின் மஞ்சள் பூ ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். படகுபோன்ற அடியிதழ் ஒருபுறமாக வளைந்து, பக்கத்தில் சிறு கொம்பென ஒரு பையை நீட்டியிருக்கும். பீன்ஸ் பூவிலோ அந்த அடியிதழ் திருகாணிபோலச் சுற்றிச் சுருண்டிருக்கும். இத்தகைய நுட்பங்களைக் கண்டு தெளிந்தே தாவரவியலாளர் ஹெப்பர் 1956இல் உளுந்தை ‘விக்னா’ பேரினத்துக்கு மாற்றினார். 1970இல் வெர்ட்கோர்ட் என்னும் மற்றொரு தாவரவியலாளர் இரு பேரினங்களுக்கும் எல்லை வகுத்தார்.

ஆயினும் மலரின் உருவம் வண்டுகளின் வருகைக்கேற்ப அமைவது. உறவற்றவையும் ஒத்த முகம் கொள்ளக்கூடும். ஆகவே 2002இல் ஜப்பானிய ஆய்வாளர் டோய் முதலியோர், பெரும்பாலும் தாய்வழியே வரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.விலும், இருவழியும் கலந்த உட்கருவின் டி.என்.ஏ.விலும், இருதரத்து உறவினரையும் தனித்தனியே விசாரிப்பார்போல, ஆசியப் பயறுகளின் வம்சத்தைத் தேடினர். உளுந்தும் பாசிப்பயறும் நெருங்கிய சுற்றம். ஜப்பானியரின் அசுகிப்பயறு அதே ஆசியக் குலத்தின் வேறொரு கிளை. நம் வீட்டுத் தட்டைப்பயறோ ஆப்பிரிக்கக் கிளையைச் சேர்ந்தது. கண்கொண்டு கண்டவர்களின் கணிப்பு பெரும்பாலும் பொய்க்கவில்லை என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

உளுந்தின் மூதாதை, ரோமம் படர்ந்து கொடியோடும் காட்டுளுந்து. முற்றிய நெற்று தானே வெடித்துச் சிறுமணிகளைச் சிதறும். மஞ்சள் தேமல் நோயால் வயலிழந்த குடியானவர்கள் அந்தக் கொடியைக் களையென்று எண்ணியிருக்கக்கூடும். அதனோடு வம்பன் 1 என்னும் உளுந்து ரகத்தை இணைத்தே வம்பன் 6 என்னும், அந்நோயைத் தாங்கும் உளுந்து உருவாக்கப்பட்டது.